மேற்படி கடல்

கடல்சார் தீர்ப்பாயத்தில் எனக்கு இரண்டு பெயர். முகத்துக்கு முன்னால் டாக்டர் பீரிஸ், முதுகுக்குப் பின்னால் கப்பல்கார வக்கீல். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைப்பானேன்? ஒன்பது வருடம் கப்பலில் குப்பை கொட்டிவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்டியவன் நான். நடுவில் கடலும் தட்பவெப்பமும் படித்து ஒரு டாக்டர் பட்டமும் வாங்கினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அலை, நீரோட்டம் என்று எதையாவது உளறினால் எழுந்து நின்று, "ஐயா எந்தக் கப்பலில் வாட்ச் டூட்டி பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். நீதிபதிகள்கூடச் சிரித்துவிடுவார்கள். அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிரகாசி முதல் தடவை என் அலுவலகத்துக்கு வந்தபோது அவளைத் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். தூத்துக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவள். நாற்பத்து நாலு வயது. விரல்களில் வார்னிஷ் கறை. அவளுடைய அப்பா கஸ்பார் ராயன் எட்டு வருடமாகப் பாளையங்கோட்டைச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்தார். ஒரு காலத்தில் மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணியில் ஏறிவிட்டால் தண்டல் வைத்ததுதான் சட்டம், எல்லா உயிருக்கும் அவர்தான் பொறுப்பு.

வழக்கை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2043 ஏப்ரலில், வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய தோணியில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு தீவிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தார் கஸ்பார். ஐந்து பேர், அதில் இரண்டு பேர் குழந்தைகள். தூத்துக்குடிக்கு அரை நாள் தூரத்தில் சங்குமுடிப் பார் என்று ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. கடல் சாதுவாக இருந்தால் தோணிகள் அதன் மேலேயே வந்துவிடும், சுற்றிப் போவதில்லை. அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அங்கே தோணி கவிழ்ந்தது. தீவுக் குடும்பம் முழுவதும், கூட நாலு கடலோடிகள், ஒன்பது பேர் போய்விட்டார்கள். நாலு பேரில் ஒருவர் கஸ்பாரின் தம்பி. கஸ்பார் மட்டும் பிழைத்தார்.

கள்ளக்கடல் வந்து அடித்தது என்று அப்போதே அவர் வாக்குமூலம் கொடுத்தார். உள்ளூரில் காற்று ஒரு பொட்டு இருக்காது. எங்கேயோ தென்துருவத்துப் பக்கம் புயலில் கிளம்பிய நீண்ட அலை, சத்தமில்லாமல் நாலைந்து நாள் பயணம் செய்து வந்து சேரும். ஆழத்தில் அது வருவதே தெரியாது. தரை மேடாக உள்ள இடத்தில் திடீரென்று எழுந்து நின்று உடையும். கப்பலில் அதற்கு ஸ்வெல் என்று பெயர். திருடனைப் போல வருவதால் நம் ஆட்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீரேற்றத்தில் கடல் தெருவுக்குள் வந்தது என்று கரையில் நாலு கிழவர்கள் சாட்சி சொன்னார்கள். பழைய கோர்ட்டு சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விட்டுவிட்டது.

அதற்கு அப்புறம் பல வருடம் கழித்துத்தான் நீர்ச்சாட்சி வந்தது. பழைய வழக்குகளை மறுபடி பிரித்தார்கள், அன்றைக்குக் கடல் சாதுவாகக் கிடந்தது என்று அந்த எந்திரம் சொன்னது, ஒன்பது உயிருக்கும் தண்டலே பொறுப்பு என்று கஸ்பாருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

"எங்கப்பா தண்ணிக்குள்ள கெடந்து பாத்ததவிட ஒரு மிசினு சொல்லுதது எப்படி சார் பெருசாவும்?" என்று கேட்டாள் பிரகாசி.

மனிதன் மறப்பான், பயப்படுவான், வேண்டியவனுக்காக மாற்றிச் சொல்வான், நீர்ச்சாட்சிக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது என்று நான் சட்டக் கல்லூரி வகுப்பில் வழக்கமாகச் சொல்வதை எடுத்துவிட்டேன். எந்தக் கடலில், எந்த நாளில், எந்த மணியில் என்று சொன்னால் போதும், அலை எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்க்கிற மாதிரி படம் போட்டுவிடும். நீர்ச்சாட்சி பேசும் இடத்தில் மனிதச் சாட்சி நிற்காது என்பது சட்டம். அந்தப் பிரிவை எழுதிய குழுவில் நானும் ஒருவன் என்று அவளிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

பக்கத்தில் இருந்த என் ஜூனியர் ஹமீதா தொண்டையைச் செருமினாள். காயல்பட்டினத்துப் பெண், கணக்கும் கணினியும் படித்துவிட்டு வக்கீல் தொழிலுக்கு வந்தவள். என்னைத் திருத்துவதற்கு முன்னால் எப்போதும் ஒரு தடவை செருமுவாள்.

"அது கடலைப் பாக்கல சார். கடலைப் பாத்து எழுதினவங்க எழுதினதைத்தான் பாக்குது. சாட்டிலைட், மிதவை, கப்பல் லாக் புத்தகம். எழுதினது இல்லாத இடத்துல பக்கத்துல உள்ளதை வச்சு இட்டு நிரப்பிக்கிடும்."

"அப்ப எங்கப்பா கேசுல யாரு எழுதுனதுன்னு பாக்கலாமா?" என்றாள் பிரகாசி.

பார்க்க முடியாது, எழுதியவர் பெயரெல்லாம் மூடித்தான் இருக்கும், வெறும் எண்தான் தெரியும் என்றேன். தீர்ப்பாயத்தில் மனுப் போட்டால் உறையில் வைத்துக் கொடுப்பார்கள் என்றாள் ஹமீதா. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பிரகாசி கிளம்பும்போது, "பெரியநாயகிபட்டினத்துக்குக் கடலையே நிறுத்திக் குடுத்தவரு நீங்கன்னு சொன்னாவ சார், அதான் வந்தேன்" என்றாள். என்னை எங்கே தட்டினால் விழுவேன் என்று தெரிந்துதான் சொன்னாளோ என்னவோ, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பெரியநாயகிபட்டினம் என் வாழ்க்கையிலேயே பெரிய வழக்கு. ஒரு தனியார் துறைமுகம் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீள அணை கட்டியது. கட்டிய இரண்டே வருடத்தில், கஸ்பாரின் தோணி கவிழ்ந்த அதே காலத்தில், வடக்கே இருந்த அந்தக் கிராமத்தின் கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. தின்றது எங்கள் அணையால் இல்லை, கள்ளக்கடலால் என்று கம்பெனி இருபது வருடத்துக்கு மேல் வாதாடியது. நான் நீர்ச்சாட்சியைக் கொண்டுவந்து காட்டினேன். கரை போகத் தொடங்கிய பதினாலு மாதமும் மன்னார் வளைகுடாவில் ஸ்வெல்லே இல்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. குளம் கரையைத் தின்னுமா? தீர்ப்பாயம் அணையை உடைக்கச் சொன்னது. மணல் திரும்பி வந்தது. முந்நூறு குடும்பம் ஊரைக் காலி செய்யாமல் தப்பித்தது. என் டாக்டர் பட்டமும் அதே விஷயம்தான். உலகமெல்லாம் கடல் கொதித்து எழுந்த காலத்தில் இந்த ஒரு வளைகுடா மட்டும் பதினாலு மாதம் அமைதியாக இருந்தது ஏன் என்று ஆராய்ந்தேன். 'மன்னார் அமைதி' என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். காற்று, உப்பு, நீரோட்டம் என்று எழுநூறு பக்கம் காரணம் எழுதினேன்.

மனுப் போட்டோம், உறை மூன்று வாரத்தில் வந்தது. ஹமீதா வாசித்தாள், நான் வேறொரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டு கேட்டேன். அலை அளக்கும் சாட்டிலைட் இரண்டும் அந்தப் பதினாலு மாதமும் செத்துக் கிடந்திருக்கின்றன. மிதவைகளை பேட்டரிக்காக யாரோ எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றக் கப்பல்கள் வானிலைக் குறிப்பு அனுப்புவதை விட்டுவிட்டன. ஒரே ஒரு கப்பல் மட்டும் ஒரு நாள் தவறாமல் அனுப்பியிருக்கிறது. கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நிலக்கரி ஏற்றிய எம்.வி. நீலமணி.

"குறிப்பு எழுதினவரு தேர்ட் மேட்" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். தாளை என் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

லியோன் பீரிஸ் என்று இருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கப்பலில் வானிலைக் குறிப்பு எடுப்பது கடைக்குட்டி அதிகாரியான தேர்ட் மேட்டின் வேலை. காலை பதினொன்றரைக்கு ஒன்று, இரவு பதினொன்றரைக்கு ஒன்று. காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாம் கருவியைப் பார்த்து எழுதிவிடலாம். ஸ்வெல்லுக்கு மட்டும் கருவி கிடையாது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் பக்கக் கதவைத் திறந்து வெயிலில் போய் நின்று, கடலை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். நிலக்கரி நிறைந்த கப்பல் அந்த நீண்ட அலைக்கு அசைந்தே கொடுக்காது. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். கடல் வரைபட மேசையில் என் சட்டப் புத்தகம் விரித்தபடி இருக்கும். எப்படியாவது கப்பலை விட்டுவிட வேண்டும், வக்கீலாக வேண்டும் என்று வெறி. முதல் நாள் நிஜமாகவே கடல் சாதுவாக இருந்தது, ஸ்வெல் இல்லை என்று எழுதினேன். மறுநாளிலிருந்து அந்தக் கட்டத்தில் இரண்டு குட்டிக் கோடுகள். மேலே உள்ளபடியே என்று அர்த்தம். அதற்கு மறுநாளும் இரண்டு கோடுகள். பக்கம் பக்கமாக. கடலைப் பார்க்காமலே கடல் சட்டம் படித்து முடித்தேன். ஒரு நாள் விடாமல் குறிப்பு அனுப்பிய கப்பல் என்று எங்களுக்கு ஒரு சான்றிதழ்கூட வந்தது. கேப்டன் அதைச் சட்டம் போட்டு மெஸ்ஸில் மாட்டினார்.

பிற்பாடு வக்கீலாகி 'மேற்படி' என்று எழுதாமல் ஒரு பத்திகூட முடித்ததில்லை. அந்த இரண்டு கோட்டுக்கும் அதுதான் தமிழ் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. என் சோம்பேறித்தனத்துக்குக் காற்றிலும் உப்பிலும் காரணம் தேடி எழுநூறு பக்கம் எழுதியிருக்கிறேன் என்பது அன்று மத்தியானம்தான் உறைத்தது.

ஹமீதா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒரு தடவ கதவைத் திறந்து எட்டிப் பாக்க முடியலையா சார்?"

முடியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? திறக்கவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் கப்பலில் எல்லோரும் செய்வதுதான் என்று வாய்வரை வந்தது. அது உண்மையும்கூட. சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

வழியை அவள்தான் சொன்னாள். எழுதியவர் உயிரோடு இருந்தால் பிரமாணம் செய்து குறிப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒரு நாளை மட்டும் உருவ முடியாது. ஒரு குறிப்பு பொய் என்றால் அந்த ஆள் எழுதிய அத்தனையும் போய்விடும். அதுவும் நாங்கள் எழுதிய சட்டம்தான். பதினாலு மாதமும் போனால் மன்னார் அமைதி போகும், அது போனால் பெரியநாயகிபட்டினத்துத் தீர்ப்பும் நிற்காது. கம்பெனி மறுநாளே மறுவிசாரணை கேட்கும், அணையை மறுபடி கட்டும்.

ஒரு பக்கம் ஒரு மனிதர், மறுபக்கம் முந்நூறு குடும்பம். இப்படிக் கணக்குப் போட்டால் சும்மா இருப்பதுதான் நியாயம் என்று எனக்கு நானே வாதாடினேன், வாதாட எனக்குச் சொல்லித்தரவா வேண்டும். நாலு மாதம் சும்மாவே இருந்தேன். பிரகாசி போன் செய்யும்போதெல்லாம் கட்டு வரவில்லை, தேதி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொன்னேன். அவளும் சரி சார், சரி சார் என்றாள். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியநாயகிபட்டினத்துக்கு ஒரு நடை போனேன். ஊர்க் கமிட்டித் தலைவி அல்போன்சம்மா என்னை உட்காரவைத்து மீன் பொரித்துப் போட்டாள். இந்தக் கடற்கரையிலேயே வாய்ச் சண்டைக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அணை உடைந்த பிறகு பிறந்த பிள்ளைகள் மணலில் விளையாடுவதைக் காட்டினாள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் சார் எங்கிட்ட வந்து சொன்னீய? சொல்லாம செஞ்சிருந்தா கம்பெனிக்காரன் செஞ்சான்னு நெனச்சிட்டுப் போயிருப்போம்."

கரை போன அந்தக் காலத்தில் கள்ளக்கடல் வந்ததா என்று அவளைக் கேட்டேன். வந்தது, எல்லா வருடமும் வந்ததுதான், வந்துவிட்டுப் போய்விடும், கல்லைப் போட்ட பிறகுதான் போகாமல் நின்று தின்றது என்றாள். அப்படியே அன்றைக்குக் கோர்ட்டில் சொல்லியிருந்தால் போதும், உண்மையே ஜெயித்திருக்கும். நான்தான் மனுசர் பேச்சு எதற்கு, தண்ணீரே பேசும் என்று அவளைக் கூண்டில் ஏற்றவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பிரகாசி நேரில் வந்துவிட்டாள். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இன்னொரு பெருநாள் பார்க்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். அப்பா வீட்டில் வந்து சாக வேண்டும், ஒன்பது பேரைக் கொன்றவர் என்ற பெயர் இல்லாமல் சாக வேண்டும். நான் மேசை இழுப்பறையைத் திறந்து, ஹமீதா எப்போதோ தயாரித்து வைத்திருந்த பிரமாணப் பத்திரத்தை எடுத்து, அவள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். என்ன இது என்று கேட்டாள். சொன்னேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"நாலு மாசம் கையில வச்சிட்டா இருந்தீய?" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் கட்டிய முடிச்சை நீங்களே அவிழ்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

குறிப்புகள் நீங்கின. பதினாலு மாதமும் படத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் ஒரு மடையன், பொய்யை உருவினால் அடியில் உண்மை இருக்கும் என்று நினைத்திருந்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் நீர்ச்சாட்சி 'தெரியாது' என்றது. கம்பெனி மறுவிசாரணை மனுவைப் போட்டுவிட்டது. பல்கலைக்கழகம் என் பட்டத்துக்கு விளக்கம் கேட்டது, வழக்கறிஞர் மன்றம் இந்த ஒரு வழக்கை மட்டும் முடித்துவிட்டுக் கோட்டைக் கழற்றச் சொன்னது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீர்ச்சாட்சி பேசாத இடத்தில் மனிதச் சாட்சி செல்லும். கரையில் சாட்சி சொன்ன நாலு கிழவர்களும் இறந்துவிட்டார்கள். பிரகாசி அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை, அதோடு மகள், எடுபடாது. உயிரோடு இருப்பது கஸ்பார் ஒருவர்தான். பழைய வாக்குமூலத்தை, கள்ளக்கடல் வந்தது என்ற அந்த ஒரு வரியை, அவர் திரும்பச் சொன்னால் போதும். அன்றைக்கே வீடு.

அதைச் சொல்லத்தான் சிறைக்குப் போனேன், பிரகாசியும் வந்தாள். கஸ்பாருக்கு எழுபத்தைந்து வயது. பெரிய எலும்பு, அதன்மேல் தோல் மட்டும். நான் யார், என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஏ.சி. போட்ட பிரிட்ஜ், சட்டப் புத்தகம், இரண்டு கோடு எல்லாம். என்னை அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நெருங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் அவரைத் தேற்ற வந்தவன் இல்லை, அவர்தான் என்னைத் தேற்ற வேண்டும் என்பதுபோலப் பேசினார்.

"நீங்க வெசனப்படாதீங்க ஐயா. நீங்க பாக்காம எழுதுனாலும் சரியாத்தான் எழுதிருக்கீய. கடல் அப்படித்தான் கெடந்துச்சு."

எனக்கு விளங்கவில்லை. பிரகாசி, "என்னப்பா சொல்லுதீய?" என்றாள்.

"கோர்ட்டுல அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனாவல்லா. எண்ண ஊத்துன மாதிரி கெடக்கு கடலு. அதுல ஏந் தோணி போவுது. எட்டு வருசமா கண்ண மூடுனா அதான் ஐயா வருது. மொதல்ல எனக்கும் கோவந்தான், பொய்யின்னு கத்துனேன். பெறவு ஒக்காந்து யோசிச்சேன். கடல் அப்படிக் கெடந்தா தோணி எப்படி கவுரும்? ரெண்டு நாளு ஒறக்கமில்ல. சுக்கான்ல நான்தான் தூங்கிருக்கேன்."

அவருடைய பழைய வாக்குமூலத்தை எடுத்துப் படித்தேன். தெற்கேயிருந்து தண்ணீர் மூன்று தடவை மலை மாதிரி எழும்பியது, மூன்றாவதில் தம்பியின் கை என் கையிலிருந்து போய்விட்டது என்று இருந்தது. யாரோ எழுதியதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அது உயிர்ப்பயத்தில் உளறியது என்றார். நீர்ச்சாட்சி போட்டது படம்தான், நிஜம் இல்லை, என் இரண்டு கோட்டை வைத்துப் போட்ட படம் என்று கெஞ்சினேன். அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். தீவுக் குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே பெண், செத்த குழந்தைகளின் சித்தி, எங்கேயோ தூர தேசத்தில் இருக்கிறாளாம். நான் தூங்கிவிட்டேன், மன்னித்துவிடு என்று சிறைப் பாதிரியாரை வைத்து அவளுக்கு எழுதியிருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று அவள் பதில் போட்டிருக்கிறாள்.

"நான் தப்பே செய்யலன்னா அவ எத ஐயா மன்னிச்சா?"

பிரகாசி அழுதுகொண்டே, நெஜமோ பொய்யோ, அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்கப்பா என்றாள்.

"பாக்காதத எப்படி மக்கா சொல்ல முடியும்?" என்றார் கஸ்பார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சூதெல்லாம் தெரியாது.

விசாரணை அன்று அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தலைமை நீதிபதி அம்மையார் நல்ல மனுஷி, இழுத்தடிக்காமல் முடித்து அனுப்பத்தான் நினைத்தார். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். சாதுவாகக் கிடந்தது, நான் தூங்கிவிட்டேன் என்றார் கஸ்பார். அம்மையார் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். அதே பதில். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் பீரிஸ், அன்னைக்கு அந்த இடத்துக்கு இருபது மைல் தெற்கே நீங்களும் இருந்திருக்கீங்க. உயிரோட இருக்கிற இன்னொரு சாட்சி நீங்கதான். ஸ்வெல் இருந்ததா?"

பதினாலு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பார்க்காததை எழுதி வைத்தவன் நான். இன்னும் ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை அது உண்மையாக வேறு இருக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கூண்டில் ஏறினேன். "இருந்தது. பார்த்தேன்" என்றேன்.

அம்மையார் என் பிரமாணப் பத்திரத்தைப் புரட்டினார். அவர் கேட்பதற்கு முன்னால் கஸ்பாரே பேசிவிட்டார். குரலில் கோபமில்லை, பாவம் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்காவப் பொய் சொல்லாதீங்க ஐயா. நீங்க உள்ள இருந்து படிச்சிட்டுல்லா இருந்தீய. நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

என் சாட்சியைத் தள்ளிவிட்டார்கள், தண்டனை அப்படியே நின்றது. இந்தத் தடவை எந்திரத்தின் பேச்சால் இல்லை, அவர் வாயாலேயே. உடம்புக்காகச் சிறை ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி அம்மையார் ஒரு வரி சேர்த்தார், அவரால் அவ்வளவுதான் முடியும்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தோம். பிரகாசி கட்டுகளைத் திரும்ப வாங்க வந்திருந்தாள். ஹமீதா கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள், செருமவில்லை. தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட சாட்சியம் எதுவானாலும் நீர்ச்சாட்சிக்குள் போய்ச் சேரும், அது விதி. நான் மறந்தே போயிருந்தேன். சாம்பல் நிறமான பதினாலு மாதத்தில் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் நீலம் திரும்பியிருந்தது. காற்று இல்லை, ஸ்வெல் இல்லை. நான் எழுதியிருந்ததேதான், ஓர் எழுத்து மாறவில்லை. பார்த்தவர் என்ற இடத்தில் கஸ்பார் ராயன், தண்டல் என்று இருந்தது. இனி இதைத் திரும்பப் பெறுவதானால் அவர்தான் பெற வேண்டும், அவர் பெறமாட்டார்.

பிரகாசி பின்னால் வந்து நின்று பார்த்தாள். அப்பா பெயர் எதற்கு அதில் இருக்கிறது என்று கேட்டாள். ஹமீதா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல்.

"அப்ப எங்கப்பாவுக்கு எதிரா இனிமே எங்கப்பாதான் சாட்சியா சார்?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம் நாலு மணிக்கு முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.